ஒரே வீட்டில் ஸ்தோத்திரமும் புலம்பலும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 59. என் கணவர் இரண்டு வருடம் டயாலிசிஸ் செய்துவந்து, போன ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த வருடப் பிறப்பு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது: ‘உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவைகள்.’ அதை அவருடைய மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிவைத்து, தினமும் வாசித்து இருவரும் ஜெபித்தோம். முப்பது வருடமாகப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி சொல்லி வந்தவள் நான். கர்த்தர் என்னை ஒருபோதும் வெட்கப்படுத்தவில்லை என்று நான் சொல்லாத கூட்டமே இல்லை. இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் திறப்பதில்லை. திறந்தால் கோபம்தான் வருகிறது. வீட்டுக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர், டயாலிசிஸை நம்பியதே விசுவாசக் குறைவு என்றும், அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இந்த வீட்டில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். இதற்கிடையில் போன மாதம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞானஸ்நானத்தன்று மாலை வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கவேண்டும் என்கிறார்கள். அவர் உட்கார்ந்த நாற்காலி காலியாகக் கிடக்கும் கூடத்தில் நான் எப்படி ஸ்தோத்திரம் சொல்வேன்? நன்றாக இருந்த காலத்தில் நான் சொன்ன சாட்சியெல்லாம் பொய்தானா? சில காலைகளில் எதற்காக எழுந்திருக்கவேண்டும் என்றே தோன்றுகிறது.

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் எழுதுகிறேன். எதற்காக எழுந்திருக்கவேண்டும் என்று தோன்றுவதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், நான் அதை அப்படிக் கடந்துபோக மாட்டேன். ஏழு மாதத் துக்கத்தில் இப்படியொரு எண்ணம் எட்டிப்பார்ப்பது அரிதல்ல. ஆனால் தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, சாப்பாடு இறங்காமல் உடம்பு மெலிந்துகொண்டிருந்தாலோ, இறந்துபோனால் நன்றாயிருக்கும் என்ற நினைவு திரும்பத் திரும்ப வந்தாலோ, அதை ஜெபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்காமல், இந்த வாரமே உங்கள் மகளிடம் சொல்லி, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்வாருங்கள். இரவில் யாரிடமும் சொல்ல முடியாத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைத்தால், எந்த மணியிலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

ஓர் ஆயர் முதல் பத்தியிலேயே மருத்துவரிடம் அனுப்புகிறாரே என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணாரக் கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்று கேட்கிறார். அப்போது அவரிடம் வந்த தூதன் அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எழுந்து சாப்பிடு என்று மட்டும் சொன்னான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துத் தூங்கினார். தூதனும் மறுபடியும் வந்து, மறுபடியும் சாப்பிடவே சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தத்தை எலியா கேட்டது அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். துக்கத்தில் இருப்பவரின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கர்த்தர் எவ்வளவு பெரிய காரியமாக எடுத்துக்கொள்கிறார் என்பதை நான் இந்த அதிகாரத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம் வருகிறது என்று குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் யாரை நோக்கி வருகிறது என்று கவனித்தீர்களா? இல்லாத ஒருவர்மேல் யாரும் இத்தனை மாதம் கோபப்பட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கர்த்தரை விட்டு விலகிப்போயிருந்தால் இந்நேரம் அலட்சியம்தான் வந்திருக்கும். அவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவரோடு சண்டை பிடிப்பவரை விசுவாசத்தை விட்டவர் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

நம் சபைகளில் துக்க வீட்டுக்குப் போனால் யோபு 1:21 சொல்லாமல் யாரும் திரும்புவதில்லை. ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்பதைக் கல்லறையிலும் வெட்டிவைக்கிறோம். அது மெய்யான வார்த்தைதான். ஆனால் யோபின் புஸ்தகத்துக்கு 42 அதிகாரங்கள் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். முதல் அதிகாரத்தில் தன் பிள்ளைகளையெல்லாம் இழந்தபோது அப்படிச் சொன்ன அதே மனிதர், மூன்றாம் அதிகாரத்தில் வாயைத் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்குப் பிறகு ஏறக்குறைய புஸ்தகம் முழுவதும் அவர் கேட்கிற கேள்விகள், நம் ஆராதனையில் யாராவது எழுந்து கேட்டால் உட்காரவைத்துவிடக்கூடிய கேள்விகள். ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரையில் அவருடைய சிநேகிதர்கள் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான், நீ ஏதோ செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இது வருமா என்று தொடங்கினார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களில் ஒருவனான எலிப்பாசைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். எத்தனையோ முறை வாசித்த பிறகு ஒரு நாள்தான் இதன் கூர்மை எனக்குப் புரிந்தது. கர்த்தருடைய பட்சமாக அழகாக வாதாடிய அந்தச் சிநேகிதர்கள், அத்தனை அதிகாரங்களிலும் ஒரு தடவைகூட அவரிடம் ஜெபிக்கவில்லை. அவரைப் பற்றித்தான் பேசினார்கள். அவரை நேருக்கு நேர் கேட்டவர் யோபு ஒருவர்தான்.

சங்கீதங்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று பதின்மூன்றாம் சங்கீதம் தொடங்குகிறது. அதுவாவது முடிவில் துதிக்குத் திரும்புகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் திரும்புவதேயில்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்ற வசனத்தோடு அது அப்படியே நின்றுவிடுகிறது. இப்படி ஆறுதலில்லாமல் முடிகிற ஒரு பாட்டை ஆராதனைக்கான புஸ்தகத்தில் சேர்த்துவைத்தவர்கள், அதைப் பாடவேண்டிய நாள் எல்லாருக்கும் வரும் என்று அறிந்திருந்தார்கள். சிலுவையில் நம் ஆண்டவரே இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கூப்பிட்டார்: ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?’ கைவிட்டீர் என்று சொல்லும்போதும் அதற்கு முன் இரண்டு தரம் ‘என் தேவனே’ என்று வருகிறது. உங்கள் கோபமும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் இந்த விஷயத்தில் ஒன்றை இழந்திருக்கிறோம் என்று எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. ஒப்பாரி வைத்து ஆற்றிக்கொள்ளத் தெரிந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். கிறிஸ்தவ வீடுகளில் அது வேண்டாம் என்று நிறுத்தியபோது அந்த இடத்தில் சங்கீதப் புலம்பல்களை வைத்திருக்கலாம். நாமோ, அழாதே, பரலோகத்தில் இருக்கிறார் என்று அழுகிறவர்களின் வாயை அடைக்கப் பழகிக்கொண்டோம். நம்பிக்கையில்லாத மற்றவர்களைப்போலத் துக்கிக்கவேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். உங்களுக்கு அழ உத்தரவு தேவைப்பட்டால் அதைவிடப் பெரிய உத்தரவு வேறில்லை.

வாய் திறப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னிடம் இருப்பது ஒரு பெரியவரின் வார்த்தைதான். நான் ஒரு மிஷன் மருத்துவமனையில் நோயாளிகளுக்கான ஆயராக, சாப்ளினாக இருந்த காலத்தில், செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருவார் ஒரு கிராமச் சபையின் மூப்பர். நாலு மணி நேரமும் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்துப் படுக்கைதான் வேண்டும் என்பார். வெளியே பெஞ்சில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கும் மனைவியை அங்கிருந்து பார்க்கலாம். ஜிப் வைத்த உறைக்குள் இருக்கும் வேதத்தை வலது கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டு, இடது கையில் இரண்டு குழாய்களிலும் இரத்தம் போய்வருவதைப் பார்த்தபடியே அன்றைய பகுதியை எனக்கு வாசித்துக்காட்டுவார். நான் அவருக்கு ஜெபித்ததைவிட அவர் எனக்கு ஜெபித்ததே அதிகம். ஒரு சனிக்கிழமை நான் போனபோது ஜிப் திறக்கப்படவேயில்லை. பக்கத்தில் நின்றேன், இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, “ஐயா, இன்னைக்கு எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க, நான் ஆமென் சொல்லுதேன்” என்றார். நான் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி முடித்தேன். அவருடைய ஆமென் உதட்டில் மட்டும் அசைந்தது.

அன்று முதல் மாற்கு இரண்டாம் அதிகாரத்தை நான் வேறு விதமாக வாசிக்கிறேன். நாலுபேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, ஜனக்கூட்டத்தால் கிட்டப்போக முடியாமல், வீட்டின் மேற்கூரையைப் பிரித்து அவனைக் கிடந்த படுக்கையோடே இறக்கினார்கள். இயேசு ‘அவர்கள் விசுவாசத்தைக்’ கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் என்ன நினைத்தான், நம்பினானா, கோபமாக இருந்தானா என்று ஒரு வரியும் இல்லை. சுமந்தவர்களின் விசுவாசம் போதுமானதாக இருந்தது. சகோதரி, நீங்கள் முப்பது வருடமாகப் பிறருடைய படுக்கையைச் சுமந்தவர். இப்போது உங்கள் படுக்கையைச் சுமக்கப் பெண்கள் ஐக்கிய சங்கத்திலேயே நாலுபேர் இருப்பார்கள், அவர்களை வரவிடுங்கள். தனியாக ஜெபிக்க முடியவில்லை என்பதற்காக ஞாயிற்றுக்கிழமைக் கோவிலை நிறுத்திவிடாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல வாய் வராவிட்டால் சும்மா நின்றுகொண்டிருங்கள். அதை உங்களுக்காகவும் சேர்த்து மற்றவர்கள் சொல்வார்கள், அதற்காகத்தான் அது எல்லாரும் சேர்ந்து சொல்லும் பிரமாணமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த ஊழியக்காரருடைய வார்த்தையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்னது தவறு. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததுமல்ல என்றார் ஆண்டவர். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தபோதும், அவர்கள் எருசலேமில் எல்லாரைப்பார்க்கிலும் பெரிய குற்றவாளிகளோ என்ற கேள்விக்கு, அப்படியல்ல என்று சொல்லி, கேட்டவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோன பிறகும் இதே கேள்வியைக் கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கும் இதே பதில்தான். டயாலிசிஸ் விசுவாசக் குறைவு என்றால், பவுல் தம்மோடு கூட்டிக்கொண்டு போன லூக்கா ‘பிரியமான வைத்தியன்’ என்று எழுதப்பட்டிருக்கக் கூடாது. பவுல் தம் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கவும் கூடாது. பவுலே தம்மோடு பயணித்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். அந்தத் துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்றோ, பவுலின் ஜெபத்துக்கு வல்லமை இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. நம் நாட்டில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று அறுவைசிகிச்சை 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. உங்கள் கணவரை நீங்கள் இயந்திரத்திடம் கொண்டுபோனது, ஜெபிக்கிறவர்கள் பல தலைமுறையாகக் கட்டிவைத்த ஒரு வழியில் கொண்டுபோனதுதான். அதில் நீங்கள் அறிக்கை செய்யவேண்டிய பாவம் ஏதும் இல்லை. அவர் மறுபடியும் வந்து, பரிகாரமாகப் பொருத்தனை பண்ணவோ காணிக்கை கொடுக்கவோ சொன்னால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். குஷ்டம் நீங்கிய நாகமான் கொண்டுவந்த வெள்ளியையும் வஸ்திரங்களையும் எலிசா தீர்க்கதரிசி தொடவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றித்தான் எனக்கு உங்களோடு நின்று நிதானமாகப் பேசவேண்டும். ஏனென்றால் அந்த அட்டைகளைத் தட்டில் வைத்து, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஒவ்வொருவரிடமும் நீட்டிய கைகளில் என் கையும் உண்டு. ஒரு வசனத்தை எடுத்து அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பழக்கம் கெட்டதல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியச் சபையார் 1731 முதல் வருடந்தோறும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து அச்சிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு அது அந்த நாளில் மனதில் வைத்துக்கொள்ளும் வார்த்தை. நாமோ, அட்டையில் இருப்பது எடுத்தவருடைய வீட்டு விஷயத்துக்குக் கர்த்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதி என்று ஆக்கிவிட்டோம். ஒரு வசனத்தை அதன் முன்பின்னிலிருந்து கத்தரித்து, பூப் படம் போட்டு அச்சடித்துக் கொடுத்தது எங்கள் தவறு. உங்களை இந்த வேதனையில் விட்டதில் ஆயர்களாகிய எங்களுக்கும் பங்கிருக்கிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் தேவாலயத்தில் நின்று, இரண்டு வருஷத்திற்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று சொன்னான். அந்த வருடப் பிறப்புக்கு அட்டை அச்சடித்திருந்தால் எல்லாரும் அனனியாவின் அட்டையைத்தான் எடுக்க ஆசைப்பட்டிருப்பார்கள். எரேமியாவோ எழுபது வருஷம் என்றார். அந்தக் கடிதம் பாபிலோனில் வாசிக்கப்பட்டபோது அங்கே உட்கார்ந்து கேட்ட உங்கள் வயதுக்காரர் ஒருவர்கூட ஊர் திரும்பப்போவதில்லை. அந்த ஊரிலேயே அடக்கம் பண்ணப்படுவார்கள் என்று தெரிந்துதான் எழுதினார். ‘உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவைகள்’ என்ற வரி அதற்குப் பிறகுதான் வருகிறது. அது சாவே வராது என்று சொன்ன வார்த்தை அல்ல. சாவும் இழப்பும் நிச்சயமாயிருந்த ஒரு ஜனத்திடம், நான் உங்களை நினைவில் வைத்திருக்கிறேன் என்று சொன்ன வார்த்தை. நீங்களும் உங்கள் கணவரும் ஒவ்வொரு நாளும் மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது வாசித்தது அந்த வார்த்தையைத்தான். அது ஏமாற்றவில்லை, அதற்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த அர்த்தம்தான் ஏமாற்றியது.

அந்த அட்டையைக் கிழித்துப்போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கையில் இருந்தால், ஒரு நாள் அதே அதிகாரத்தை ஐந்தாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். துக்கத்தின் தேசத்தில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கடிதம் முதலில் சொல்வது என்ன தெரியுமா? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், உங்கள் பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெறட்டும், குறுகிப்போகாமல் பெருகுங்கள். உங்கள் பேத்தி பிறந்திருப்பது அந்த அட்டை எடுக்கப்பட்ட அதிகாரத்துக்கு வெளியே அல்ல. தாத்தாவுக்குப் பதிலாகக் கர்த்தர் அவளைக் கொடுத்தார் என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளவேண்டாம். ஒருவருக்குப் பதில் ஒருவர் வருவதில்லை. யோபுக்குப் பின்னால் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்பதால் முதல் பத்துப் பிள்ளைகளின் கல்லறைகள் இல்லாமற்போய்விடவில்லை.

இனி உங்கள் பழைய சாட்சிகள். அவை பொய்யல்ல. பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானபோது திரும்பிவந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான். நன்மை வந்த காலத்தில் திரும்பிவந்த அந்த ஒருவராக நீங்கள் முப்பது வருடம் இருந்திருக்கிறீர்கள். பிள்ளையின் படிப்புக்கும், வேலைக்கும், விபத்தில் தப்பியதற்கும் நன்றி சொன்னது பொய்யாக எப்படி இருக்கும்? ஆனால் கேட்டதற்காக நேர்மையாக ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘கர்த்தர் கொடுத்தார், நன்றி’ என்பதும், ‘நான் உண்மையாய் இருந்தேன், ஆகையால் கர்த்தர் கொடுத்தார்’ என்பதும் கேட்பதற்கு அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். நல்ல காலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. முதலாவது நன்றி, இரண்டாவது கணக்கு. நீ புசித்துத் திருப்தியாகும்போது, என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தைச் சம்பாதித்தது என்று சொல்லாதே என உபாகமம் எட்டாம் அதிகாரம் எச்சரிக்கிறது. விசுவாசிகளாகிய நாம் கைப்பெலன் என்று சொல்லமாட்டோம். என் ஜெபம், என் உபவாசம், என் விசுவாசம் என்று சொல்லிவிடுவோம். உங்கள் சாட்சியில் அந்தக் கணக்கு கொஞ்சம் கலந்திருந்தால், இப்போது உடைந்திருப்பது அதுதான். சங்கத்தில் உங்கள் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில், அப்போதே கணவரையோ பிள்ளையையோ அடக்கம்பண்ணிவிட்டு வந்திருந்த பெண்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் அன்று மௌனமாக வீட்டுக்குப் போனதை இன்று நீங்கள் மட்டுமே புரிந்துகொள்ள முடியும். உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த பிறகு அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

நல்ல காலத்து நன்றி வீண் போவதில்லை என்பதற்கு நான் மார்ட்டின் ரிங்கார்ட்டை நினைப்பது உண்டு. ஜெர்மனியின் சாக்சனியில் ஐலன்பர்க் என்ற மதில் சூழ்ந்த ஊரில், முப்பதாண்டுப் போரின் காலத்தில் ஆயராக இருந்தவர். போருக்குப் பயந்து ஓடிவந்த அகதிகளால் ஊர் நிரம்பியிருந்தபோது, 1637-இல் கொள்ளைநோய் வந்தது. அந்த ஒரு வருடத்தில் 4,000-க்கும் மேற்பட்டவர்களை அவர் அடக்கம்பண்ணினார். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். உலகமெங்கும் சபைகள் இன்றும் பாடுகிற ஒரு நன்றிப் பாட்டு அவருடையது. அதை அவர் பிணங்களின் நடுவில் உட்கார்ந்து எழுதினார் என்று பிரசங்கங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அது அந்த வருடத்துக்கு முன்பே, வீட்டில் பிள்ளைகளோடு சாப்பாட்டு மேசையில் பாடும் ஸ்தோத்திரமாக எழுதப்பட்டது என்றே கருதப்படுகிறது. எனக்கு அதுவே அதிக ஆறுதல். துக்கத்தின் உச்சியில் ஒருவர் புதிதாக நன்றியை உண்டாக்கவேண்டியதில்லை. சோறு இருந்த நாளில் பிள்ளைகளோடு பாடிப் பழகியது, பாட முடியாத நாளில் எங்கோ ஓர் ஓரத்தில் கிடக்கிறது. மற்றவர்கள் பாடும்போது அதன் ராகம் நமக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பனங்காட்டு ஊர்களிலும் அறுப்பின் பண்டிகை அப்படித்தானே நடக்கிறது? மழை பெய்த வருடத்தில் வாழைத்தாரும் நெல்மூட்டையுமாகப் பீடத்துக்கு முன்னால் இடம் கொள்ளாது. மழை பொய்த்த வருடத்தில் நாலு முருங்கைக்காயும் ஒரு கொட்டான் கருப்பட்டியும் ஒரு கோழியும் வரும். ஆனால் பண்டிகையை யாரும் தள்ளிப்போடுவதில்லை. அந்த ஒற்றைக் கோழியையும் ஏலம் கூறுவார்கள். ஆபகூக் தீர்க்கதரிசி, அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று இல்லாதவற்றை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அடுக்கிய பிறகே கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். இழந்ததைச் சொல்லாமல் அவர் ஸ்தோத்திரத்துக்குப் போகவில்லை.

ஆகவே உங்கள் வீட்டு ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வருகிறேன். கூட்டம் நடக்கட்டும். உங்கள் மகள் தன் தகப்பனை இழந்தவள், ஒரு வருடத்துக்குள்ளேயே தாயானவள். அவளுக்கும் இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. அன்று உங்களுக்கு எஸ்றா மூன்றாம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைச் சிபாரிசு செய்கிறேன். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில், முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதிர்வயதானவர்கள் மகா சத்தமிட்டு அழுதார்கள்; வேறு அநேகர் கெம்பீரமாய் ஆர்ப்பரித்தார்கள். சந்தோஷ ஆரவாரத்தின் சத்தம் எது, அழுகையின் சத்தம் எது என்று ஜனங்களால் பகுத்தறிய முடியவில்லை. அழுகிற முதியவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை, ஆர்ப்பரித்தவர்களையும் யாரும் அடக்கவில்லை. அஸ்திபாரம் போடப்பட்டது, சத்தம் வெகுதூரம் கேட்டது.

இந்த வாரமே உங்கள் ஆயர் அவர்களைப் பார்த்து, கூட்டத்தின் ஒழுங்கைப் பற்றிப் பேசுங்கள். முதல் பாட்டுக்கு முன்பு பதின்மூன்றாம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அதை உங்கள் மருமகன் வாசிக்கட்டும். ஜெபத்தில் உங்கள் கணவருடைய பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்; பேர் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு வருத்தம் குறையும் என்று நினைத்து எல்லாரும் அதைத் தவிர்ப்பார்கள், அது இன்னும் பாரமாக இருக்கும். அவர் விரும்பிப் பாடிய கீர்த்தனை எதுவோ அது இருக்கட்டும். உங்களிடம் சாட்சி சொல்லச் சொன்னால், இன்றைக்கு முடியாது என்று சொல்லுங்கள். யாரும் வற்புறுத்தாதபடி ஆயர் பார்த்துக்கொள்வார். நாற்காலியை உள்ளே எடுத்துப் போடவேண்டாம், அங்கேயே இருக்கட்டும். யாராவது உறவினர் குழந்தையை வைத்துக்கொண்டு அதில் உட்காரப்போனால் உட்காரட்டும். குழந்தையை மடியில் வாங்கியதும் உங்களுக்கு அழுகை வந்தால் அடக்கவேண்டாம்; எழுந்து உள்ளே போகவும் வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் என்ன எழுதுவது என்று யோசிப்பீர்கள். பேத்தி பிறந்ததற்காக ஸ்தோத்திரம், தாத்தா இல்லாத துக்கத்தோடு என்று எழுதிப் போடுங்கள். ஆராதனையில் அதை அப்படியே வாசிக்கும்படி ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது ஆமென் சொல்வார்; அது போதும், அன்றைக்கு நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

உங்களுக்காகவும், உங்கள் மகளுக்காகவும், பேர் தெரியாத அந்தக் குழந்தைக்காகவும் ஜெபிக்கிறேன்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்